வேலையை விடாமல் மெடிக்கல் ஸ்கூல்: இந்த ஜூனா, அடுத்த ஜூனா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 24 வயது, கிரீன் கார்டு, பயாலஜியில் பட்டம், ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.5. ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்ட், வாரம் 40 மணி நேரம். வாடகையும் சாப்பாடும் உங்கள் சம்பளத்தில்தான். "அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்க முடியுமா? இல்லை, கடன் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதி இந்த ஜூனிலேயே போட்டுவிடட்டுமா? விவரம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது இந்தத் தம்பிக்குச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். முடியுமா என்பது மேலோட்டமான கேள்வி. முடியும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு அடியில் இரண்டு பயங்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கிடங்கில் பெட்டி தூக்கிய வருஷங்கள் விண்ணப்பத்தில் ஓட்டையாகத் தெரியுமா என்பது ஒன்று. மற்றவர்கள் முந்திக்கொண்டு போகிறார்களே, நமக்கு வயது ஏறுகிறதே என்பது மற்றொன்று. இரண்டாவது பயம்தான் உங்களைக் கடனுக்கு இழுக்கிறது. அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலையை விடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள், இந்த ஜூனில் போடாதீர்கள்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்கலாம். இன்டர்னல் மெடிசின் டாக்டர். கல்லூரி நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிப்ட் சிஎன்ஏ (செவிலியர் உதவியாளர்) வேலை பார்த்து வாடகை கட்டினேன். பிற்பாடு பல வருஷம் ஒரு மெடிக்கல் ஸ்கூலில் விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்தேன், சேர்க்கைக் குழுவிலும் உட்கார்ந்தேன். ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு கல்லூரியின் அறையை; அதுவும் எம்டி (இங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்) பக்கம் மட்டும். ஆகவே விதி என்று நான் சொல்வதை விதியாகவும், "எனக்குத் தோன்றுகிறது" என்று சொல்வதை ஒரு அக்காவின் அபிப்பிராயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயத்துக்கு வருவோம். எம்டி கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பம்தான் வாசல். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கும், டாக்டராவதற்கான இன்னொரு பட்டமான டிஓ தரும் கல்லூரிகளுக்கும் வேறு வாசல்கள் உண்டு. ஆம்காஸில் வேலை, செயல்பாடுகள் என்ற பகுதியில் 15 பதிவுகள் போடலாம். ஒவ்வொன்றையும் ஒரு வகைக்குள் அடக்க வேண்டும். அந்த வகைகளில் "சம்பளத்துக்குப் பார்த்த வேலை, மருத்துவம் சாராதது" என்று ஒன்று அச்சடித்தபடி இருக்கிறது. அதாவது கிடங்கு வேலைக்கு விண்ணப்பத்திலேயே நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். மொத்த மணி நேரத்தையும் கேட்கிறார்கள். வாரம் 40 மணி என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 மணி. இரண்டு வருஷத்துக்கு 4,000. சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் தன்னார்வப் பணிக்குப் போனவரின் எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எண் நின்றால் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த நாற்காலியில் உட்காரத் தெரிய வேண்டும். நான் நேர்காணல் செய்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) கல்லூரி நான்கு வருஷமும் ஒரு உணவகத்தின் சமையலறையில் வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு பதிவுக்கு 700 எழுத்துகள் வரை இடம் இருக்க, அவர் எழுதியிருந்தது ஒரே வரி: செலவுக்காக வேலை பார்த்தேன். பதினைந்தாவது பதிவாக, கடைசியில். ஆராய்ச்சி, கிளப் எல்லாம் மேலே. குழுவில் ஒருவர் "இவருக்குத் தன்னார்வ மணி நேரம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே" என்று கேட்டார். பதில் அந்தக் கடைசி வரியில் ஒளிந்திருந்தது. நேரில் கேட்டபோதுதான், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, அடுப்பில் கை வெந்த ஒருவருக்கு முதலுதவி செய்து மேலாளரோடு வாதாடி வீட்டுக்கு அனுப்பி வைத்தது எல்லாம் வெளியே வந்தது. அவர் வெட்கப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். நம் வீடுகளில் இந்த வெட்கம் ஊட்டி வளர்க்கப்படுகிறது: டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளை இந்த வேலையெல்லாம் பார்த்ததை வெளியே சொல்வார்களா என்று. இங்கே சொல்ல வேண்டும். 15 பதிவுகளில் மூன்றை "மிக முக்கியம்" என்று குறித்து, கூடுதலாக 1,325 எழுத்துகள் எழுதலாம். உங்கள் கிடங்கு அந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். கஷ்டத்தை எழுதாதீர்கள், என்ன செய்தீர்கள், யாரோடு வேலை பார்த்தீர்கள், எதில் தவறினீர்கள் என்று எழுதுங்கள். கஷ்டத்துக்கென்றே தனி இடம் இருக்கிறது. 2024 சேர்க்கைச் சுற்றிலிருந்து, வாழ்க்கையில் எதிர்கொண்ட தடைகளைப் பற்றிய தனிக் கட்டுரை ஒன்றை ஆம்காஸில் சேர்த்திருக்கிறார்கள்; விருப்பம் இருந்தால் எழுதலாம்.

இவ்வளவும் நிச்சயம். எதில் எனக்குச் சந்தேகம் என்றால், வேலை பார்த்தார் என்பதற்காக மதிப்பெண் குறைவை எவ்வளவு தூரம் மன்னிப்பார்கள் என்பதில். நான் இருந்த அறையில் வேலை பார்த்தவர்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஆனால் விண்ணப்பம் அந்த அறைக்குள் வருவதற்கு முன்பே எண்களை வைத்து ஒரு சல்லடை ஓடுகிறது. சல்லடைக்கு உங்கள் கதை தெரியாது. ஆகவே கதை நன்றாக இருக்கிறது என்று எண்களை விட்டுவிட முடியாது.

சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.7க்கு மேல், எம்கேட் சராசரி 511, 512 அளவில். உங்கள் 3.5 கதவைச் சாத்திவிடும் எண் இல்லை, ஆனால் எம்கேட் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஜிபிஏவைப் பற்றி வேலை பார்க்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று: இங்கே எந்தக் கல்லூரியில் எடுத்த பாடமானாலும், கம்யூனிட்டி காலேஜ் உட்பட, ஆம்காஸ் கணக்கில் சேரும். ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டு மறுபடி எடுத்து ஏ வாங்கினால் இரண்டும் சேர்த்துத்தான் சராசரி. உங்கள் கல்லூரி பழையதை அழித்திருந்தாலும் ஆம்காஸ் அழிக்காது. டிஓ பக்கம் முன்பு பழையதை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டார்கள். 2017 முதல் அதுவும் நின்றுவிட்டது. எனவே இன்னும் பட்டம் முடிக்காமல் வேலை பார்த்துக்கொண்டு இதைப் படிக்கிற யாராவது இருந்தால், அவர்களுக்கு: ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் லேபோடு சேர்ந்து வருகிற செமஸ்டரில் 35 மணி நேரம் வேலை பார்க்காதீர்கள். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் யாரும் கேட்கப் போவதில்லை. வாங்கிய சி எங்கேயும் போகாது.

இனி எம்கேட். இங்கேதான் நேரக்கணக்கு உண்மையைப் பேசும். தேர்வு நான்கு பகுதி: வேதியியலும் இயற்பியலும், வாசிப்புத் திறன், உயிரியலும் உயிர்வேதியியலும், உளவியலும் சமூகவியலும். மொத்தம் 230 கேள்விகள். இடைவேளைகளைச் சேர்த்து ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472இல் தொடங்கி 528இல் முடியும். தயாராவதற்கு 300 மணி நேரம் என்பது பொதுவாகப் புழங்கும் எண். இது விதி இல்லை, அனுபவக் கணக்கு. வேலை இல்லாமல் பெற்றோர் வீட்டில் இருக்கிற பிள்ளை வாரம் 30 மணி படித்துப் பத்து வாரத்தில் முடிப்பான். 40 மணி நேரம் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற நீங்கள் உண்மையில் படிக்கக்கூடியது வாரம் பத்து மணி நேரம். இருபது என்று அட்டவணை போடுவீர்கள், எல்லாரும் போடுகிறோம், மூன்றாவது வாரம் அது பத்தாகிவிடும். பத்து என்றால் முப்பது வாரம். ஏழு மாதம். அந்தப் பிள்ளையின் பத்து வார அட்டவணையை உங்கள் வாழ்க்கையில் ஒட்டப் பார்த்ததால்தான் முடியாது என்று தோன்றுகிறது. ஏழு மாத அட்டவணையாக்கினால் வேலையை விட வேண்டிய அவசியமே போய்விடும்.

ஏழு மாதத்தில் முதலில் படித்தது கடைசியில் மறந்துவிடுமே என்று கேட்பீர்கள். மறக்கும். அதனால் நீண்ட தயாரிப்பில் வாசிப்பதை விட நினைவுகூர்வதே முக்கியம். ஆன்கி போன்ற ஒரு கேள்வி-பதில் அட்டைச் செயலியில் தினமும் இருபது நிமிஷம் பழைய அட்டைகள். கிடங்கில் இடைவேளை எப்படியும் உண்டு, அது அட்டைகளுக்கு. ஷிப்ட் இல்லாத நாட்களில் ஒரு நாளை மட்டும் நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து உட்காரும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் எதுவும் படிக்காத நாள். இதை நான் சோம்பேறித்தனத்துக்காகச் சொல்லவில்லை; தூக்கக் கடனோடு படித்தது தலையில் நிற்காது என்பதை ஒரு வருஷம் வீணாக்கிக் கற்றுக்கொண்டவள் நான்.

வாசிப்புத் திறன் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 53 கேள்விகள், 90 நிமிஷம், ஒன்பது பத்திகள். ஒரு பத்திக்குப் பத்து நிமிஷம்தான். அறிவியல் எதுவும் இல்லை. தத்துவம், கலை, வரலாறு என்று சுற்றி வளைத்து எழுதப்பட்ட ஆங்கிலம். தமிழில் பள்ளி படித்துப் பிறகு இங்கே வந்தவர்களுக்கு, மற்ற மூன்றில் நன்றாகச் செய்துவிட்டு இதில்தான் கால் இடறும். மனப்பாடத்தால் ஏறாத ஒரே பகுதியும் இதுதான், கடைசி மாதத்தில் சரிசெய்ய முடியாததும் இதுதான். முதல் வாரத்திலிருந்தே நாளுக்கு ஒரு பத்தி. உங்களைப் போல நீண்ட காலம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பகுதியில் அவசரக்காரர்களை விட வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

ராத்திரி ஷிப்ட்காரர்கள் மறந்துபோகும் ஒரு விஷயம்: தேர்வு காலை 8 மணிக்கு. உங்கள் உடம்புக்கு அது தூங்கும் நேரம். தேர்வுக்கு முன்னால் இரண்டு வாரமாவது பகல் ஷிப்ட் கேளுங்கள், அல்லது சேர்த்து வைத்த விடுப்பை அதற்குச் செலவழியுங்கள். வேலையை விடுவது என்றால் ஆறு மாதம் விட வேண்டாம், இந்த இரண்டு வாரம் விட்டால் போதும். முழு மாதிரித் தேர்வுகளையும் காலை எட்டு மணிக்கே எழுதிப் பாருங்கள். எம்கேட்டை நடத்தும் ஏஏஎம்சி அமைப்பு வெளியிட்டவற்றில் தொடர்ந்து இரண்டு மூன்று முறை உங்களுக்கு வேண்டிய மதிப்பெண் வந்த பிறகே உண்மைத் தேர்வுக்குப் போங்கள். எழுதிப் பார்ப்போமே என்று போகாதீர்கள். ஒரு வருஷத்தில் மூன்று, அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் நான்கு, ஆயுளில் ஏழு என்று வரம்பு உண்டு. எழுதிய மதிப்பெண்கள் அத்தனையும் கல்லூரிகளின் கண்ணில் படும்.

அடுத்தது, டாக்டர் வேலை எப்படி இருக்கும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறீர்களா என்ற கேள்வி. உங்கள் கேள்வியில் நோயாளிகளோடு இருந்த அனுபவம் எதையும் குறிப்பிடவில்லை. விட்டுவிட்டீர்களா, இல்லையா தெரியாது. இல்லை என்றால், உங்கள் விண்ணப்பத்தின் உண்மையான ஓட்டை கிடங்கு வேலை கிடையாது, இதுதான். எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எந்தப் பொது விதியும் இல்லை. இணையத்தில் சுற்றும் எண்கள் எல்லாம் ஊகம். என்னைக் கேட்டால், ஒரு நோயாளியைப் பற்றி யாரும் எழுதிக் கொடுக்காமல் நீங்களே பத்து நிமிஷம் பேச முடிகிற வரைக்கும் வேண்டும். சம்பளத்தோடு அது கிடைக்கும் வேலைகள்: சிஎன்ஏ, நோயாளி பராமரிப்பு டெக்னீசியன், ரத்தம் எடுப்பவர், ஆம்புலன்ஸில் அவசர உதவி செய்யும் இஎம்டி, டாக்டர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதும் ஸ்கிரைப். சிஎன்ஏ பயிற்சிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சம் 75 மணி நேரம்தான். பல மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கின்றன. பல முதியோர் இல்லங்கள் தாங்களே செலவழித்துப் பயிற்சி கொடுக்கும். ஆஸ்பத்திரியில் சிட்டர் என்றொரு வேலை இருக்கிறது: குழப்பத்தில் இருக்கிற, விழுந்துவிடக்கூடிய நோயாளியின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொள்வது. இதற்குக் கதாநாயகக் களை எதுவும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் பயந்துபோய் மூன்று மணிக்கு எழுந்து தன் மனைவியைத் தேடும்போது என்ன பேசுவது என்று அங்கே கற்றதை எந்தப் பாடமும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த வேலைகள் பலவற்றில் சம்பளம் கிடங்கை விடக் குறைவு. வாடகை இடிக்கும் என்றால் மாறாதீர்கள். கிடங்கிலேயே இருந்துகொண்டு ஹாஸ்பிஸில் (இறுதிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு) வாரம் மூன்று மணி நேரம் தன்னார்வமாகப் போனாலும் வருஷத்துக்கு 150 மணி வரும். மாற முடிந்தால் ஒரு லாபம் உண்டு: ஆஸ்பத்திரிகள் பலவும், பெரிய நிறுவனங்கள் சிலவும், வேலை பார்ப்பவர்களின் படிப்புச் செலவைக் கொடுக்கின்றன; வருஷத்துக்கு 5,250 டாலர் வரை அதற்கு வருமான வரி கிடையாது. விட்டுப்போன பயோகெமிஸ்ட்ரி பாடத்தை எடுக்க அது போதும். உங்கள் கிடங்கிலேயே அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

பணம். இந்த விண்ணப்பம் பணக்காரப் பிள்ளைகளுக்காக வடிவமைத்தது போலத்தான் இருக்கும், என்ன செய்வது. எம்கேட் கட்டணம் 300 டாலருக்கு மேல். ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 175 டாலர் அளவில், அடுத்த ஒவ்வொன்றுக்கும் ஐம்பதை ஒட்டி. 20 கல்லூரி என்றால் அங்கேயே ஆயிரம் தாண்டும். பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக இரண்டாம் கட்ட விண்ணப்பம் அனுப்பி, சராசரியாக 100 டாலர் அளவில் கேட்கும். அது இன்னொரு 2,000. இதற்கு ஏஏஎம்சியே கட்டண உதவித் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் நான்கு மடங்குக்குள் இருந்தால் தகுதி. 2025 கணக்கில் தனியாளுக்கு வறுமைக்கோடு 15,650 டாலர். நான்கு மடங்கு 62,600. கிடங்குச் சம்பளத்தில் நீங்கள் இதற்குள் வருவீர்கள் என்று நினைக்கிறேன். கிடைத்தால் எம்கேட் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கும், ஏஏஎம்சியின் மாதிரித் தேர்வுகள் இலவசம், ஆம்காஸில் 20 கல்லூரிகள் வரை கட்டணமில்லை, இரண்டாம் கட்டக் கட்டணத்தையும் பெரும்பாலான கல்லூரிகள் தள்ளுபடி செய்கின்றன. இரண்டு சிக்கல்கள். உங்களைப் போல 26 வயது ஆகாதவர்களிடம், பெற்றோர் ஒரு டாலர்கூடத் தராவிட்டாலும், அவர்களின் வருமான விவரத்தைக் கேட்பார்கள். இன்னொன்று, இந்த உதவி முன்தேதியிட்டுக் கிடைக்காது. முதலில் ஒப்புதல், பிறகுதான் எம்கேட் பதிவு. முந்நூறு டாலரைக் கட்டிவிட்டு வந்து பிறகு இதைப் பற்றிக் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது ஏன் இந்த ஜூன் வேண்டாம் என்று சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும். மே கடைசியில் சமர்ப்பிக்கலாம். ஜூன் கடைசியிலிருந்து கல்லூரிகளுக்குப் போகும். நெரிசல் நேரத்தில் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்க்கவே ஐந்தாறு வாரம் எடுக்கும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டாம் கட்டக் கட்டுரைகள் மழை மாதிரி கொட்டும். இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். செப்டம்பரிலிருந்து குளிர்காலம் முழுக்க நேர்காணல்கள். சேர்வது அதற்கடுத்த ஜூலை அல்லது ஆகஸ்ட். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பங்கள் வர வர இடம் கொடுத்துக்கொண்டே போகும். தாமதமாக வந்தவருக்குப் பந்தியில் மிச்சம்தான். இதில் எம்கேட் தயாரிப்பையும், புதிதாக நோயாளி அனுபவத்தையும், 20 கல்லூரிக் கட்டுரைகளையும், ராத்திரி ஷிப்டையும் ஒரே கோடையில் திணித்தால் நான்கும் அரைகுறையாகும். 2024இல் ஏறக்குறைய 52,000 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் சேர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓரிடமும் கிடைப்பதில்லை. அரைகுறை விண்ணப்பத்தோடு அந்தப் பாதியில் விழுந்தால், பணமும் போய், அடுத்த முறை அதே கல்லூரிகளில் "போன தடவைக்கு இப்போது என்ன மாறியிருக்கிறது?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இப்போது கட்டண உதவிக்கு விண்ணப்பம். அதோடு எம்கேட் படிப்பைத் தொடங்கி, வரும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தேர்வு. மதிப்பெண் ஒரு மாதத்தில் வந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்கலாம். வசந்தத்தில் பரிந்துரைக் கடிதங்களும் 5,300 எழுத்துக்குள் சுயகட்டுரையும். மே கடைசியில், சமர்ப்பிக்க வாசல் திறந்த முதல் வாரத்திலேயே சமர்ப்பிப்பு. இரண்டாம் கட்டக் கேள்விகள் வருஷா வருஷம் பெரிதாக மாறுவதில்லை. ஜூனிலேயே வரைவு எழுதி வைத்துவிடலாம். இப்படிப் போனால் உள்ளே நுழையும்போது உங்களுக்கு 26 வயது. சேர்பவர்களின் சராசரி வயதே 24 அளவில். பாதிக்கு மேற்பட்டோர் கல்லூரிக்குப் பிறகு ஒரு வருஷமாவது இடைவெளி விட்டு வருகிறார்கள். என் வகுப்பில் 38 வயதில் சேர்ந்தவர் இருந்தார். 26 வயதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், உங்கள் சித்தியைத் தவிர.

கடன் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதுவரை மெடிக்கல் ஸ்கூல் செலவு முழுவதையும் மத்திய அரசின் கடனிலேயே சமாளிக்க முடிந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு, அதற்கு வழிசெய்த கிராட் பிளஸ் என்ற மத்தியக் கடன் கிடையாது. தொழிற்படிப்புக்கு மத்தியக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 என்று உச்சவரம்பு. பல தனியார் கல்லூரிகளில் வாழ்க்கைச் செலவோடு சேர்த்தால் வருஷச் செலவு இதைத் தாண்டிவிடும். மிச்சத்துக்குத் தனியார் கடன், அதற்கு நல்ல கிரெடிட் ஸ்கோர் அல்லது கையெழுத்துப் போட ஒரு ஆள். தனியாக நின்று சம்பாதிக்கிறவருக்கு அந்த ஆள் இருப்பதில்லை. ஆகவே இன்றைக்கு எம்கேட்டுக்காகக் கிரெடிட் கார்டில் ஆறு மாதம் வாழ்ந்து ஸ்கோரைக் கெடுத்துக்கொள்வது, நாளைக்கு இடம் கிடைத்த பிறகு பணம் புரட்டும் வழியை அடைப்பது. உள்ளே போன பிறகு வேலை பார்த்துக்கொண்டு படிக்கலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். முதல் வருஷத்திலேயே அது நடக்காது.

செலவு குறைந்த வழி பெரும்பாலும் உங்கள் மாநிலத்து அரசுக் கல்லூரிதான். உள்மாநிலத்தவருக்குக் கட்டணமும் குறைவு, வாய்ப்பும் அதிகம். டெக்சாஸில் 90 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் டெக்சாஸ்காரர்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. சொந்தக் காலில் நின்று ஒரே மாநிலத்தில் வேலை பார்த்து வரி கட்டியவருக்கு உள்மாநிலத்தவர் என்று நிரூபிப்பது எளிது. ஆகவே விண்ணப்பிக்கும் வருஷத்தில் சம்பளம் இரண்டு டாலர் கூட என்று பக்கத்து மாநிலத்துக்கு ஓடாதீர்கள். நியூயார்க் பல்கலைக்கழகம் 2018 முதல் மருத்துவப் படிப்புக்குக் கட்டணமே வாங்குவதில்லை. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் 2024 முதல் அப்படித்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குடும்ப வருமானம் 3,00,000 டாலருக்குள் இருந்தால் கட்டணமில்லை. போடுங்கள், ஆனால் அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். ராணுவம் தரும் முழு உதவித்தொகையும், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் பணியாற்ற ஒப்புக்கொள்பவர்களுக்கு மத்திய சுகாதாரச் சேவை தருவதும் குடியுரிமை உள்ளவர்களுக்கே. பொதுவாகக் கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம் ஆனதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விசாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு நிலைமை வேறு: பல கல்லூரிகள் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வதில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, மேற்பார்வையாளரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குத் தேவையில்லை. விண்ணப்பித்தும் கிடைக்காமல் போகலாம், அந்த வேலை அப்போதும் உங்களுக்கு வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதித் தரும் அளவுக்கு அவர் நல்லவர் என்றால் மட்டும் வசந்தத்தில் சொல்லுங்கள். உங்களை வேலை நேரத்தில் பார்த்த ஒருவரின் கடிதத்துக்கு, ஐந்நூறு பேர் வகுப்பில் பாடம் எடுத்த பேராசிரியரின் கடிதத்தில் இல்லாத ஒரு கனம் உண்டு. ஆனால் அறிவியல் பேராசிரியர்களின் கடிதத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் கட்டாயமாகக் கேட்கும். அதற்குப் பதிலாக இது ஆகாது. நேர்காணல்கள் 2020க்குப் பிறகு பெரும்பாலும் வீடியோவில்தான். நான் விண்ணப்பித்த காலத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்துப் பஸ் ஏறிப் பக்கத்து மாநிலத்துக்குப் போய், கழிவறையில் உடை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். உங்களுக்கு ஒரு நாள் விடுப்பும் சத்தமில்லாத ஒரு அறையும் போதும். பகலில் அறை நண்பர்கள் வீட்டில் இருப்பார்கள் என்றால், பொது நூலகங்கள் பலவற்றில் கதவு மூடிய அறைகளை முன்பதிவு செய்யலாம், காசு கிடையாது. முந்தின ராத்திரி மட்டும் ஷிப்டை யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள்.